யூசியா, கால் ஸ்டேட்டா, டி ஆன்சாவா? கலிபோர்னியா கல்லூரிகள்: கேள்வி-பதில்

மார்ச் கடைசியில் அட்மிஷன் முடிவுகள் வெளியானால் போதும், ஏப்ரல் முழுக்க என் மின்னஞ்சல் பெட்டிக்கு மூச்சு முட்டும். மே 1-க்குள் எங்கே சேரப்போகிறோம் என்று சொல்லியாக வேண்டுமே! பல வருடங்களாக இங்கே இரண்டு வருடப் படிப்பு தரும் ஒரு கம்யூனிட்டி காலேஜில், மாணவர்களுக்குப் படிப்பு வழிகாட்டும் கவுன்சிலர் வேலை பார்க்கிறேன். எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

மேடம், என் மகனுக்கு ‘கலிபோர்னியா யூனிவர்சிட்டி’யில் எம்.எஸ். சீட் கிடைத்திருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். பெர்க்லி என்று எல்லாரும் பேசுகிறார்களே, அதுதானே இது? (சேலத்திலிருந்து ஒரு அப்பா)

ஐயா, ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். கடிதத்தைக் கையில் வாங்கி, பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ‘யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா’ என்றால் அது யூசி. அதற்கு 10 வளாகங்கள், பெர்க்லி அவற்றில் ஒன்று. ‘கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி’ (சுருக்கமாக ‘கால் ஸ்டேட்’) வேறு, 22 பல்கலைக்கழகங்கள் கொண்ட தனி அமைப்பு. சான் ஹோசே ஸ்டேட் அதைச் சேர்ந்தது, ஆனால் பெயரில் கலிபோர்னியாவே கிடையாது. ‘யூனிவர்சிட்டி ஆஃப் சதர்ன் கலிபோர்னியா’ அரசு நிறுவனமே இல்லை, 1880-இல் தொடங்கிய தனியார் பல்கலைக்கழகம். கூத்து என்னவென்றால், பென்சில்வேனியா மாநிலத்தில் கலிபோர்னியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கேயும் 2022 வரை கலிபோர்னியா பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் நடந்தது, அப்புறம் வேறு இரண்டோடு சேர்த்து பெயரை மாற்றிவிட்டார்கள்.

பெயர்க் குழப்பம் பரவாயில்லை, போலி என்றால்தான் ஆபத்து. 2011 ஜனவரியில் பிளெசன்டன் ஊரில் ‘ட்ரை-வேலி யூனிவர்சிட்டி’ என்ற நிறுவனத்தில் குடியேற்றத் துறை புகுந்து சோதனை போட்டது. பதிவில் 1,500-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களுடைய முகவரி சன்னிவேலில் இருந்த ஒரே ஒரு அபார்ட்மென்ட் வீடு! நிறுவனருக்குப் பின்னாளில் 16 வருடத்துக்கும் மேல் சிறை. மாணவர்கள் சிலருக்குக் காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். இத்தனைக்கும் அந்த இடம் மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் கொடுக்கும் அனுமதியோடுதான் நடந்தது. அதனால் ஐ-20 வந்துவிட்டது என்று மட்டும் நிம்மதி அடையாதீர்கள். நிறுவனத்தின் பெயர் டபிள்யூஎஸ்சியூசி என்ற அங்கீகாரக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுடைய தளத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இருந்தால் மேலே பேசலாம்.

பையனுக்கு நல்ல மார்க். யூசியின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (யூசிஎல்ஏ), சான் டியகோ, அர்வைன் வளாகங்கள் எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டன. விண்ணப்பிக்காத மெர்செட் வளாகம் மட்டும் ‘வா’ என்கிறது. அழுகையாக வருகிறது. (ஃப்ரீமாண்ட், ஒரு அம்மா)

அழ வேண்டாம்மா. யூசிஎல்ஏவுக்கு முதலாமாண்டு இடத்துக்கு மட்டும் ஒரே வருடத்தில் 1,40,000-க்கும் மேல் விண்ணப்பங்கள் வருகின்றன. நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் இல்லை. தகுதி போதாமல் திருப்பி அனுப்பினார்கள் என்று எடுத்துக்கொண்டால் பையனுக்குத்தான் அநியாயம்.

கேட்காத இடத்திலிருந்து எப்படி வந்தது என்கிறீர்களா? மாநில அளவிலோ தன் சொந்தப் பள்ளியிலோ முதல் 9 சதவீதத்துக்குள் வரும் கலிபோர்னியா மாணவருக்கு யூசியில் எங்காவது ஓர் இடம் உண்டு என்பது விதி. கேட்ட வளாகங்கள் கைவிரித்துவிட்டால், காலி இருக்கும் வளாகம் கூப்பிடும். நடைமுறையில் அது பெரும்பாலும் மெர்செட்தான். ஆக அந்தக் கடிதமே பையன் முதல் 9 சதவீதத்தில் இருக்கிறான் என்பதற்குச் சான்று.

நான் மெர்செட்டுக்குப் போனது ஒரு ஜனவரி மாதம். சென்ட்ரல் வேலியில் அப்போது ‘டூலே ஃபாக்’ என்று ஒரு மூடுபனி இறங்கும். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது, மாட்டுப் பண்ணை வாசனை மட்டும் தெளிவாக வந்தது. ‘இங்கேயா பிள்ளையை விடுவது’ என்று எந்த அம்மாவுக்கும் தோன்றும். பத்து மணிக்குப் பனி விலகியதும் பார்த்தால் புத்தம்புதுக் கட்டடங்கள், பக்கத்திலேயே ஏரி, சுற்றிலும் புல்வெளி. 2005-இல் திறந்த வளாகம், யூசியில் கடைக்குட்டி. 2009-இல் நான்கு வருடம் முடித்த முதல் அணியின் பட்டமளிப்புக்கு மிஷெல் ஒபாமாவை வரவழைத்தவர்கள் அந்த மாணவர்கள்தான். 2025-இல் ஆர்-1 என்னும் மேல்நிலை ஆராய்ச்சிப் பல்கலைக்கழக வரிசையிலும் சேர்ந்துவிட்டது. மொத்தமே சுமார் 9,000 மாணவர்கள், அதில் மேற்படிப்பு மாணவர்கள் கொஞ்சம்தான். அதனால் லேபில் கை வைக்கும் வாய்ப்பு இளங்கலைப் பிள்ளைகளுக்கே வரும். பெரிய வளாகங்களில் அதற்கு வரிசையில் நிற்க வேண்டும்.

பையன் கேட்ட மேஜர், அதாவது முதன்மைப் பாடம், அங்கே இருந்தால் போகலாம் என்பேன். மற்ற இடங்களில் வெயிட்லிஸ்ட் கொடுத்திருந்தால் அதிலும் பெயரை விட்டு வையுங்கள், ஆனால் அதை நம்பி மே 1-ஐத் தவறவிடாதீர்கள். மனசே ஒப்பவில்லை என்றால் இன்னொரு வழி அடுத்த பதிலில் இருக்கிறது.

மகள் டி ஆன்சா என்ற கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது? அது ‘சீட் கிடைக்காதவர்கள்’ போகும் இடமாமே? (கூப்பர்டினோ, ஒரு அப்பா)

நான் சோறு தின்பதே அந்த மாதிரி இடத்தில்தான் சார், அதனால் பாரபட்சம் இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1960-இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு ‘மாஸ்டர் பிளான்’ போட்டது. அப்போதைய யூசி தலைவர் கிளார்க் கெர் அதன் பின்னால் இருந்தவர். முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்கள் யூசிக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு கால் ஸ்டேட்டுக்கு, படிக்க வரும் மற்ற எவருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மேலே ஏற ஒரு ஏணி. திட்டத்தின் உயிரே அந்த ஏணிதான். இன்றைக்கும் இரண்டு புதுமுக மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்பது யூசியின் இலக்கு. மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 2012-இலிருந்து இதே ஃபீஸ். டி ஆன்சா செமஸ்டரைவிடச் சிறிய பருவங்களாக நடக்கும் குவார்ட்டர் முறை என்பதால் அங்கே இன்னும் குறைவு. கடைசியில் கொடுக்கும் பட்டத்தில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று எங்கேயும் அச்சடிக்க மாட்டார்கள். சொந்தக்காரர்களுக்கு இது போதும்.

மகளுக்கு இது போதாது, மேலே கேளுங்கள். ‘டேக்’ என்று ஓர் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் ஏதாவது ஒன்றில் இடம் நிச்சயம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியகோ இதில் கிடையாது. அவற்றுக்கும் தனியாக விண்ணப்பிக்கலாம், கிடைப்பதும் உண்டு, ஆனால் கையெழுத்துப் போட்ட வாக்குறுதி இல்லை. எல்லா மேஜருக்கும் டேக் உண்டு என்றும் நினைத்துவிடாதீர்கள், கம்ப்யூட்டர் சயன்ஸில் பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். விண்ணப்பிக்க வேண்டியது செப்டம்பரில். அந்த மாதத்தைத் தூங்கிக் கழித்துவிட்டு அக்டோபரில் என் அறைக்கு வந்து நிற்கும் பிள்ளைகள் வருடா வருடம் உண்டு.

பிள்ளைகள் சறுக்குவது அறிவில் இல்லை, ‘அசிஸ்ட்’ தளத்தைப் பார்க்காததில். அதில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கம் யூசி கேட்கும் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம். வலப்பக்கத்தில் ‘நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்’ என்று வந்தால், அந்தப் பாடம் உங்கள் கல்லூரியில் இல்லை, வேறு எங்காவது எடுக்க வேண்டும் என்று பொருள். இதை முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். அப்புறம், தொடர் பாடங்களை ஒரே கல்லூரியில் முடிக்க வேண்டும். டி ஆன்சாவில் பிசிக்ஸ் 4ஏ எடுத்துவிட்டு, நேரம் ஒத்துவரவில்லை என்று மிச்சத்தை செமஸ்டர் முறையில் நடக்கும் வேறு கல்லூரியில் எடுத்தால், இரண்டும் ஒட்டாமல் போகலாம். ஒரு பையன் அப்படித்தான் ஒரு வருடத்தை விட்டான். மார்க் எல்லாம் ஏ!

சிரமம் எதுவும் இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுதி கிடையாது, மூன்று மணிக்கு வகுப்பு முடிந்தால் பார்க்கிங் லாட்டே காலியாகிவிடும். தானாக எழுந்து போய்ப் படிக்கும் பிள்ளைக்கு இது சரிப்படும். கூட்டத்தோடு சேர்ந்தால்தான் படிப்பேன் என்கிற பிள்ளைக்குச் சரிப்படாது. உங்கள் மகள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் எச்-1பி வேலை விசா, மகன் எங்களைச் சார்ந்த எச்-4 விசா. பத்து வருடமாக இங்கே வரி கட்டுகிறோம். அவனுக்கு வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் போடுவார்களா? (அர்வைன்)

இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. பயப்படாதீர்கள். எச்-4 விசாவில் இருப்பவர் கலிபோர்னியாவாசி என்று நிரூபிக்க யூசி, கால் ஸ்டேட், கம்யூனிட்டி காலேஜ் எதிலும் தடை இல்லை. நீங்கள் இங்கேதான் குடியிருக்கிறீர்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று காட்ட வேண்டும்: வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம், வாடகை ஒப்பந்தம் இப்படி. யூசியில் வெளி மாநிலத்தவர் கூடுதலாகக் கட்டும் தொகை மட்டும் வருடத்துக்கு 37,000 டாலருக்கு மேல். அதனால் அந்தப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள்.

மகனுக்கு 21 வயது முடியும் நாளைத்தான் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்வேன். அன்றோடு எச்-4 போய்விடும். பெரும்பாலும் மூன்றாம் வருடத்தின் நடுவில் வரும் அந்த நாள். கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். எஃப்-1-இல் இருப்பவர் கலிபோர்னியாவாசி என்ற தகுதியைப் புதிதாகப் பெற முடியாது. ஆகவே மாறுவதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் ‘என் ஃபீஸ் வகை என்ன ஆகும்’ என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதெல்லாம் காற்றில் போய்விடும். இன்னும் இரண்டு: எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது, எச்-4-இல் இருக்கும்வரை கேம்பஸ் வேலையும் செய்ய முடியாது. பிறந்து வளர்ந்த தெரு போல இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு இது முதன்முதலில் உறைப்பது நண்பர்கள் எல்லாம் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போகும்போதுதான். வீட்டில் முன்பே பேசிவிடுங்கள்.

யூசி சான்ஃபிரான்சிஸ்கோவில் நேரடியாக மருத்துவம் சேர பிளஸ் டூ மார்க் எவ்வளவு வேண்டும்? (திருச்சி, மாணவி)

எவ்வளவு எடுத்தாலும் முடியாதும்மா. யூசிஎஸ்எஃப்-இல் இளங்கலைப் படிப்பே கிடையாது. அமெரிக்காவில் பொதுவாக நான்கு வருடப் பட்டம் முடித்துவிட்டுத்தான் மருத்துவம்.

எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக்கு கோச்சிங் சேர்க்கலாமா? (சான் டியகோ)

யூசியும் கால் ஸ்டேட்டும் மட்டும் என்றால் வேண்டாம், அட்மிஷனுக்கு அதை அவர்கள் பார்ப்பதே இல்லை. ஸ்டான்ஃபோர்டும் கால்டெக்கும் சில வருடம் விட்டு வைத்துவிட்டு மறுபடி கேட்கின்றன. அந்தக் கோச்சிங் காசுக்கு யூசி விண்ணப்பத்தின் நான்கு சிறு கட்டுரைகளில் நேரம் செலவழிப்பது மேல். ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். அப்பா எழுதிக் கொடுத்தது படித்தவுடனே தெரியும்.

மகள் திருநெல்வேலியில் எட்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். இங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். ஸ்பானிஷ் கட்டாயம் எடுக்க வேண்டுமாம், தவிக்கிறாள். (சாக்ரமென்டோ, ஒரு அம்மா)

எடுக்க வேண்டியதில்லை! யூசி கேட்கும் ‘ஏ-ஜி’ பாடப் பட்டியலில் ‘இ’ பிரிவு என்பது ஆங்கிலம் அல்லாத மொழி, இரண்டு வருடம். ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ இரண்டு வருடம் வேறு மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்ட பள்ளியில் படித்திருந்தால் அந்தத் தேவை நிறைவேறியதாகவே யூசி எடுத்துக்கொள்ளும். மகள் ஆறு, ஏழு, எட்டு மூன்றும் தமிழில் படித்திருக்கிறாள். பழைய பள்ளியின் மார்க் ஷீட்டை மொழிபெயர்த்து, பயிற்று மொழி தமிழ் என்று தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கி, இங்கே பள்ளி கவுன்சிலரிடம் கொடுங்கள். பல கவுன்சிலர்களுக்கு இந்த விதி நினைவிருக்காது, நீங்கள்தான் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். பள்ளியில் பட்டம் பெற ஸ்பானிஷ் தனியாகத் தேவையா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு.

அந்தத் தமிழை அவள் விட்டுவிடவும் வேண்டாம். பெர்க்லியில் தமிழுக்கென்றே ஒரு இருக்கை இருக்கிறது, நம்மவர்கள் காசு சேர்த்து அமைத்தது. தமிழ் செம்மொழி என்று 2000-இல் கடிதம் எழுதிய ஜார்ஜ் ஹார்ட் அங்கே பேராசிரியராக இருந்தவர்தான்.

வேறு மேஜரில் சேர்ந்துவிட்டு உள்ளே போய் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறிக்கொள்ளலாமா? (டப்ளின், மாணவன்)

எல்லாரும் கேட்கும் குறுக்கு வழி. ஒரு காலத்தில் ஓடியது, இப்போது பெரும்பாலான வளாகங்களில் அடைத்துவிட்டார்கள். பிடிக்காத மேஜரில் மாட்டிக்கொண்டு நான்கு வருடம் உட்கார்ந்திருக்கத் தயாராக இருந்தால் மட்டும் முயற்சி செய்யுங்கள், தம்பி. கால் ஸ்டேட்டிலும் கவனம்: ஒரு மேஜருக்கு ‘இம்பேக்டட்’ என்று போட்டிருந்தால் இடத்தைவிட ஆள் அதிகம் என்று அர்த்தம்.

பேத்தி பமோனா போகிறாளாம். கால் பாலி பமோனாவும் அதுவும் ஒன்றா? (கோயம்புத்தூர், ஒரு தாத்தா)

இல்லை ஐயா. கால் பாலி பமோனா அரசுப் பல்கலைக்கழகம், பமோனா ஊரில் இருக்கிறது. பமோனா காலேஜ் 1887-இல் தொடங்கிய சிறிய தனியார் கல்லூரி, பக்கத்து ஊரான கிளேர்மான்ட்டில் இருக்கிறது. அங்கே ஐந்து இளங்கலைக் கல்லூரிகளும் இரண்டு மேற்படிப்பு நிறுவனங்களும் ஒன்றை ஒன்று ஒட்டியபடி. ஒன்றில் சேர்ந்து மற்றதில் பாடம் எடுக்கலாம், நூலகம் பொது. பேத்திக்கு எது என்று கேட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது என்றால், ஃபீஸைப் பார்த்து மலைக்காதீர்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்து நிறைய உதவித்தொகை தருகிறார்கள்.

மகள் இந்த ஃபால் (இலையுதிர்காலப்) பருவத்தில் யூசி டேவிஸ் சேர்கிறாள். கார் வாங்கிக் கொடுக்கலாமா? (சான் ஹோசே)

சைக்கிள் வாங்கிக் கொடுங்கள். தரை மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாக இருக்கும் ஊர், அமெரிக்காவிலேயே முதல் சைக்கிள் தடங்களை 1967-இல் போட்டவர்கள். மழை நாளுக்கு மாணவர்களே ஓட்டும் யூனிட்ரான்ஸ் பஸ் இருக்கிறது, இளங்கலை மாணவர் அட்டையைக் காட்டினால் டிக்கெட் வேண்டாம். லண்டனிலிருந்து வந்த பழைய சிவப்பு டபுள் டெக்கர்கூட அதில் உண்டு. சைக்கிள் மலிவாக இருக்கட்டும், பூட்டு மட்டும் விலை கூடியதாக இருக்கட்டும். முன் சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டினால் சாயங்காலம் அந்தச் சக்கரம் மட்டும்தான் இருக்கும்.