காதுக்குள் கேமரா: வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு. ஒரு மாதமாக இடது காது அடைத்த மாதிரி இருக்கிறது என்கிறார். இத்தனை வருஷமாகப் பட்ஸ் போட்டுத்தான் குடைவார். செல்போனில் உள்ளே பார்த்துக்கொண்டே அழுக்கை எடுக்கலாம் என்று, கேமரா வைத்த கருவி ஒன்று ஆன்லைனில் விற்கிறது. வாங்கித் தரட்டுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். அந்தக் காசை வைத்து அம்மாவை முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அழுக்கு என்று நாம் சொல்லும் குறும்பி, காதைக் காக்கத்தான் சுரக்கிறது. காதுத் துவாரத்தின் வெளிப்பாதியில்தான் அது உண்டாகும். அங்குள்ள தோல் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக வளர்வதால், குறும்பியும் தானாக வாசலுக்கு வந்துவிடும். பட்ஸ் அதைத் திரும்ப உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறது. அம்மாவின் அடைப்பே அப்படி வந்ததாக இருக்கலாம். பிளாஸ்டிக் குச்சி பட்ஸுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அது குப்பையைக் குறைக்க வந்த தடை. மூங்கில் குச்சியானாலும் காதுக்குச் செய்யும் கெடுதல் அதேதான்.

கேமரா கருவியில் எனக்குள்ள பயம் இது: திரையில் தெரிவது தட்டையான படம், ஆழம் புரியாது. பெரியவர்களுக்கே துவாரம் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான், அதன் முடிவில் செவிப்பறை. யாராவது தெரியாமல் கையில் இடித்துவிட்டால் போதும், கருவி செவிப்பறையில் குத்திவிடும். சர்க்கரை உள்ளவருக்கு உள்ளே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி பிடித்து எலும்புவரை போகக்கூடும். காதில் செருகிப் பற்றவைத்தால் அழுக்கை இழுக்கும் என்று விற்கும் காது மெழுகுவர்த்தி பக்கமும் போகாதீர்கள். எரிந்தபின் அதில் தங்குவது அந்த மெழுகுதான், காது அழுக்கு இல்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு, குளித்தபின் துண்டு நுனியால் வெளிக்காதைத் துடைத்தால் போதும். அடைப்பு இருந்தால் குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து கிடைக்கும். கடையில் வெறுமனே "காது டிராப்ஸ்" என்று கேட்காதீர்கள், சீழுக்கான ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிடுவார்கள். "குறும்பி இளக்க" என்று சொல்லி, லேபிளையும் படியுங்கள். போட்டதும் குறும்பி ஊறி அடைப்பு கொஞ்சம் கூடும்; பயப்பட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தவர்கள், காதில் சீழ் வடிபவர்கள் தாமாகப் போடவே கூடாது. எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவதும் ஆபத்து.

அம்மாவுக்குச் சொட்டு மருந்தா, உறிஞ்சி எடுப்பதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அதற்குள் காதில் கடுமையான வலியோ சீழோ தலைசுற்றலோ வந்தாலோ, திடீரென்று கேட்காமல் போனாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.