குளவிக் கூடு: கேட்டதுக்கெல்லாம் பதில்

ரங்கூன்ல பூச்சி மருந்து அடிக்கிற வேலை எனக்கு. மழை ஓயுற இந்த மாசத்துலதான் கூட்டுல குளவி ரொம்ப பெருகிக் கிடக்கும், அதான் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு, கூட்டுக்கு தீ வைக்காதீங்க.

கேள்வி (மோல்மேன் அக்கா): வீட்டு மாமரத்துல பானை சைஸ்ல காகிதம் மாதிரி ஒரு கூடு. கருப்புக் குளவி, வயித்துல மஞ்சப் பட்டை. பிள்ளைங்க அதுக்கு கீழதான் விளையாடுதுங்க.

அக்கா அது கதண்டு, முதல்ல பிள்ளைங்கள அந்தப் பக்கம் போகவிடாதீங்க. மரப்பட்டைய மென்னு எச்சில் கலந்து கட்டுறதாலதான் காகிதம் மாதிரி இருக்கு, உள்ள அடுக்கடுக்கா அறை, வெளிய போக வர ஒரு சின்ன ஓட்டை, வெளிய நாலஞ்சு சுத்துறத பாத்து அவ்வளவுதான்னு நினைக்காதீங்க, உள்ள நூத்துக்கணக்குல இருக்கும். ஒண்ண அடிச்சு நசுக்குனீங்கன்னா அதுல இருந்து ஒரு வாசனை கிளம்பும், அது மத்ததுக்கெல்லாம் சண்டைக்கு வான்னு கூப்பிடுற மாதிரி. தேனீ கொட்டுனா கொடுக்கு நம்ம தோல்லயே மாட்டிக்கும், அதோட அது செத்துரும், கதண்டுக்கு அப்படி இல்ல, ஒண்ணே திரும்பத் திரும்ப கொட்டும். கல் எறியக்கூடாது, தண்ணி பீச்சக்கூடாது, ராத்திரி டார்ச் அடிச்சு பாக்கக்கூடாது, வெளிச்சத்த பாத்து நேரா வரும். முழு உடுப்பு வச்சிருக்கிற ஆளக் கூப்பிடுங்க, இருட்டுனதுக்கு அப்புறம் எல்லாம் கூட்டுக்குள்ள அடங்குன நேரத்துல ஓட்டைக்குள்ள மருந்து அடிச்சு எடுப்பாங்க. உடுப்பு இல்லாம சட்டைய இழுத்து போத்திக்கிட்டு ஏணி வைக்கிற ஆள் வந்தா திருப்பி அனுப்பிருங்க, கொட்டுறதுல பாதி ஏணியில இருந்து விழுறதுல பாதின்னுதான் ஆகும்.

கேள்வி (திங்கான்ஜுன் தம்பி): துணியில மண்ணெண்ணெய் நனைச்சு கம்புல கட்டி கொளுத்திட்டா?

கூடாது தம்பி. காகிதக் கூடு பட்டுனு பத்தும், எரியுற துண்டு கீழ விழும், பக்கத்து வீடு ஓலைக் கூரைன்னா தெருவே போயிரும். உள்ள இருக்கிறதும் முழுசா சாகாது, தப்பிச்சது எல்லாம் கம்பு பிடிச்சவன் மூஞ்சிக்குத்தான் வரும்.

கேள்வி (பால்கனிக்கார அண்ணன்): தகரத்துக்கு கீழ சின்னதா, அறை எல்லாம் வெளிய தெரியுற கூடு. ஒல்லிக் குளவி ஆறேழு.

அது சாதுவான ஜாதி, எட்டாத உயரத்துல இருந்தா விட்டுருங்க, செடியில இருக்கிற புழுவையெல்லாம் அதுதான் பிடிச்சு திங்குது. கதவு பக்கத்துல இருந்தா மட்டும் ராத்திரி பாத்திரம் கழுவுற சோப்பு கலந்த தண்ணிய ஸ்ப்ரே பண்ணுங்க, மூச்சு விடுற துளை அடைச்சு விழுந்துரும்.

கேள்வி: கொட்டுனா தனக்கா (மூஞ்சியில பூசுற மரப்பட்டை அரைப்பு) பூசலாமா? கூன்யா கடை (வெத்தலைக் கடை) சுண்ணாம்பு வைக்கலாமா?

ஒரே கேள்வி பலபேர் கேட்டதால ஒரே பதிலா சொல்றேன். சுண்ணாம்பு வேண்டாம், தோல அரிச்சிரும், கண்ணு பக்கத்துல பட்டா கண்ணே போயிரும். தனக்கா குளுகுளுன்னு இருக்கும், விஷத்துக்கு ஒண்ணும் பண்ணாது. சோப்பு போட்டு கழுவி, துணியில ஐஸ் சுத்தி வைங்க, மோதிரம் வளையல கழட்டிருங்க, வீங்குனதுக்கு அப்புறம் கழட்ட முடியாது. ஒண்ணு ரெண்டு கொட்டுக்கு இதுவே போதும். ஆனா உதடு நாக்கு வீங்குது, மூச்சு இழுக்குது, உடம்பெல்லாம் தடிப்பு, தலை சுத்தி வாந்தின்னா ஒரே ஒரு கொட்டா இருந்தாலும் உசிருக்கு ஆபத்து, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. தொடையில போடுற அட்ரினலின் ஊசிதான் காப்பாத்தும், அலர்ஜி மாத்திரை அதுக்கு ஈடு கிடையாது. இன்னொண்ணு யாரும் கேக்கல, ஆனா முக்கியம்: கதண்டு நிறைய கொட்டியிருந்தா ஆள் எழுந்து நல்லா பேசுனாலும் வீட்டுல வச்சுக்காதீங்க, விஷம் தசைய கரைச்சு கிட்னிய அடைக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சுகூட தெரியவரும், மூத்திரம் டீத்தண்ணி நிறத்துல போனா அதுதான் அறிகுறி.

கேள்வி (பெகு பெரியவர்): பூஜை அறை சுவத்துல மண்குளவி கூடு கட்டியிருக்கு. மருமக முழுகாம இருக்கா. கூட்ட உடைக்கலாமா? குளவி புழுவ கொண்டாந்து கொட்டிக் கொட்டித்தானே குளவி ஆக்குது, பாவம் இல்லையா?

ஐயா, குளவி வந்தா குழந்தை வரும்னு நம்ம வீடுகள்ல எல்லாம் சொல்றதுதான், அத நான் தொடல. புழு குளவி ஆகுற கதைதான் தப்பு. கூட்ட பிரிச்சா அறை முழுக்க சின்ன சிலந்தியா அடைச்சு வச்சிருக்கும். தாய்க்குளவி சிலந்திய கொட்டி மரத்துப்போக வைக்குது, கொல்றது இல்ல, செத்தா அழுகிரும்ல. ஒரு முட்டைய வச்சு மண்ணால மூடிட்டு போயிரும். முட்டையில வர்ற குஞ்சு அந்த சிலந்திய உசிரோட தின்னு வளந்து குளவியா வெளிய வரும்.

இதுக்கு பெரியவர் "சிலந்தியாவது, எங்க ஆத்தா பச்சைப் புழுவத்தான் பாத்திருக்கா"ன்னு எழுதுனாரு, அதுக்கு நாலு பேர் ஆமாம் போட்டாங்க, தட்டோன் வாத்தியார் ஒருத்தர் அதெல்லாம் மூட நம்பிக்கைன்னு சண்டைக்கு வந்தாரு. வாத்தியார் ஐயா, ஆத்தா பாத்தது நிஜம்தான். நீளமா குழாய் குழாயா மண்ணு அப்புறது சிலந்தி பிடிக்கிறது, குட்டிக் குடம் மாதிரி கட்டுறது வேற ஜாதி, அது பச்சைப் புழுவத்தான் அடைக்கும். பச்சைப் புழு உள்ள போறத பாத்தாங்க, நாள் கழிச்சு குளவி வர்றத பாத்தாங்க, நடுவுல முட்டை இருந்தது யாருக்கும் தெரியாது. மண்ண அப்பும்போது குளவி உடம்ப அதிர வச்சு ஙொய்ங்னு சத்தம் போடும், மண்ணு இளகி நல்லா ஒட்டறதுக்கு. அதைத்தான் புழு காதுல மந்திரம் ஓதுதுன்னு நம்பியிருக்காங்க. பாத்ததுல தப்பு இல்ல, சொன்ன காரணம்தான் தப்பு. இதுக்காக பெரியவர திட்டுறது எனக்கு பிடிக்கல.

ஐயா, மண்குளவி தனியாத்தான் வாழும், கூட்டுக்கு காவல் நிக்காது, கையில பிடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும். மருமகளுக்கு பயம் வேண்டாம். மண்ணுல வட்ட ஓட்டை இருந்தா குஞ்சு பறந்து போயாச்சு, சுரண்டிருங்க. ஓட்டை இல்லன்னா கொஞ்ச நாள் பொறுங்க.

கேள்வி: பெட்ரோல் ஊத்தி தீ வச்சா?

மேல திங்கான்ஜுன் தம்பிக்கு சொன்னத படிங்க. பெட்ரோல் இன்னும் மோசம்.

கேள்வி: கிளையில அரைவட்டமா ஒரே அடை தொங்குது, மேல பூச்சி மூடிக்கிடக்கு.

மலைத்தேனீ. என் வேலை இல்ல, தேன் எடுக்கிறவங்களுக்கு சொல்லுங்க. மருந்து அடிக்காதீங்க.

கேள்வி: பந்தம் கொளுத்தி புகை மட்டும் காட்டுனா?

அதுவும் தீ தான்!

கேள்வி (துவாண்டே தங்கச்சி): கரண்ட் போனதும் ஜெனரேட்டர் ஸ்டார்ட் பண்ணா ஷெட்டுல இருந்து குளவி பாயுது.

அதிர்வு பட்டா எந்தக் கூடும் கலையும்மா. இன்னைக்கு ஸ்டார்ட் பண்ணாதீங்க, பகல்ல தள்ளி நின்னு எங்க இருந்து வருதுன்னு மட்டும் பாத்து போட்டோ அனுப்புங்க. காகிதக் கூடுன்னா ஆள் வச்சு எடுக்கணும், பெட்ரோல் டேங்க் பக்கத்துல இருக்கிறதால நெருப்பு வேலை எதுவும் நினைச்சே பாக்காதீங்க. கூடு எடுத்த பிறகு புகைக்குழாயையும் டேங்க் மூடியில காத்து போற ஓட்டையையும் பாருங்க, மண்குளவி அங்கயும் மண்ணு அடைக்கும், கம்பியால குத்தி எடுத்துட்டு அப்புறம் ஓட்டுங்க.