கேள்வி பதில்: இத்தாலிய வண்டிகள், அமெரிக்கப் பந்தயத் தடங்கள்

கேள்வி: 1954-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் இத்தாலியின் 1.5 லிட்டர் ஓஸ்கா கார் முதலிடம் பிடித்தது வெறும் அதிர்ஷ்டமா?

பதில்: அப்படி ஒதுக்கிவிட முடியாது. முன்னால் ஓடிய 3.3 லிட்டர் லான்சியா டி24-இன் எஞ்சின் பழுதானது உண்மை. ஆனால் 12 மணி நேரம் தாக்குப்பிடிப்பதுதான் அங்கே போட்டியே! ஹெண்ட்ரிக்ஸ் ஃபீல்ட் என்ற போர்க்கால விமானத் தளம் அது. கான்கிரீட் ஓடுபாதையில் முழு வேகம், அடுத்த நொடி கூர்மையான திருப்பம். டிரம் பிரேக் சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி கீழே இறங்கிக்கொண்டே போகும். எடை கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். அந்த ஓஸ்கா, மசராட்டி சகோதரர்கள் போலோனாவில் கட்டிய எம்.டி.4, எடை குறைந்த வண்டி. வளைவில் வேகத்தை அதிகம் இழக்காமல் அதை ஓட்டலாம். அதன் ஓட்டுநர்கள் ஸ்டெர்லிங் மாஸும் பில் லாயிடும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

கேள்வி: ஃபெராரி 250 டெஸ்டா ரோசாவில் ஆறு வெபர் 38 டிசிஎன் கார்புரேட்டர்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) எஞ்சின் தடுமாறுகிறது. எங்கே தொடங்குவது?

பதில்: கார்புரேட்டரில் தொடங்காதீர்கள். வால்வ் இடைவெளி, பாயின்ட் இடைவெளி, பிளக், கம்ப்ரஷன் நான்கையும் முதலில் பாருங்கள். இவற்றில் ஒன்று பிசகியிருந்தாலும் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் பன்னிரண்டு மிக்சர் ஸ்க்ரூக்களையும் நாள் முழுக்கத் திருகிப் பயனில்லை.

பெட்ரோல் அழுத்தம் 3 முதல் 3.5 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் போனால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்திவிட்டு, இணைப்புக் கம்பிகளை எல்லா கார்புரேட்டரிலிருந்தும் கழற்றுங்கள். கம்பி மாட்டியிருக்க ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் இருப்பது கலையும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மிக்சர் ஸ்க்ரூவை விரல் நுனியால் மட்டும் முழுக்க உள்ளே திருகி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அழுத்தி முடுக்கினால் ஊசி முனையில் வளையம் விழும். அதன் பிறகு அது எந்த அளவிலும் நிற்காது.

எஞ்சினை ஓடவிட்டு, காற்றோட்ட மீட்டரை கார்புரேட்டரின் ஒவ்வொரு காற்று வாயிலும் வைத்து, ஐடில் ஸ்க்ரூவால் ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு வாய்களும் வேறு வேறு அளவு காட்டினால் திராட்டில் (காற்றுக் கதவு) ஷாஃப்ட் முறுக்கியிருக்கலாம். ஸ்க்ரூவால் அது தீராது. அடுத்து மிக்சரை ஒவ்வொன்றாக, வேகம் குறையும் வரை உள்ளே திருகி, சீராக ஓடும் இடம் வரை வெளியே எடுங்கள். கடைசியில் கம்பிகளை மாட்டும்போது, திராட்டிலை அசைக்காமல் பந்து மூட்டில் தானாக உட்காரும்படி ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் வையுங்கள். இதற்குப் பிறகும் கார்புரேட்டர் வழியாக ‘பட்பட்’ என்று வெடித்தால் ஐடில் ஜெட்டில் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐடில் வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குக் கீழே வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். இது பந்தய எஞ்சின்.

கேள்வி: இத்தாலியின் பொரானி கம்பிச் சக்கரத்தின் நடு நட், வண்டி ஓடும் திசையில் சுற்றினால் கழலும்படி இருக்கிறதே, தவறா?

பதில்: சரிதான். இடப்பக்கம் வலமரை (வலஞ்சுழியாகத் திருகினால் இறுகும்), வலப்பக்கம் இடமரை. நட்டின் கூம்பும் சக்கரத்தின் கூம்பும் ஒரே அளவு அல்ல. ஓடும்போது நட் அந்தக் கூம்பில் உருண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். ஹப்புகளை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டால் அதே உருளல் நட்டைக் கழற்றிவிடும். கூம்பைத் துடைத்து, ஸ்ப்ளைனில் (ஹப்பின் பற்களில்) மெல்லிய கிரீஸ் தடவி, செம்புச் சுத்தியால் அடியுங்கள். சில மைல் ஓட்டியதும் மறுபடி ஒரு அடி.

கேள்வி: பண்டினி என்ற சின்ன இத்தாலியப் பந்தய வண்டியின் பானெட்டுக்குள் அமெரிக்க கிராஸ்லி எஞ்சின் இருக்கிறது. யாரோ மாற்றியதா?

பதில்: பல பண்டினிகள் அப்படியே பிறந்தவை. அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ.யின் எச் மாடிஃபைட் பந்தய வகுப்புக்கு அன்று உச்சவரம்பு 750 சி.சி. கிராஸ்லி 724 சி.சி., மேலே கேம், ஐந்து மெயின் பேரிங். கொடுக்கும் காசுக்கு அதைவிட உறுதியான சிறு எஞ்சின் அன்று அமெரிக்காவில் கிடைத்திருக்காது. பிளாக்கை மட்டும் உற்றுப் பாருங்கள். தகடுகளைச் செம்பால் ஒட்டிய பழைய பிளாக்கில் மின்வேதி அரிப்பால் ஓட்டை விழும். 1949-ல்தான் வார்ப்பிரும்பு வந்தது. சாதாரண கிராஸ்லியில் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பு. ஆகவே வால்வ் வேலைக்கு ஹெட்டைத் தனியாக எடுக்க வழியில்லை. பிளாக்கையே கிராங்க்கேசிலிருந்து தூக்க வேண்டும்.