சம்புக்குள் ஒரு கோழியும் 48 மெகாபிக்சலும்

கேள்வி: நாங்குநேரி வட்டத்தில் எங்கள் ஊர்க் குளத்தின் மறுகாலுக்குக் (உபரி நீர் வெளியேறும் இடம்) கீழே சம்பு என்ற கோரை போன்ற நீர்த்தாவரம் அடர்ந்து கிடக்கிறது. அந்தியில் அதற்குள்ளிருந்து கூவும் கோழி எதுவென்று அறிய, '48 மெகாபிக்சல்' என்று விளம்பரம் செய்யப்பட்ட தானியங்கி வனவிலங்குக் கேமரா ஒன்றை இணையத்தில் வாங்கிக் கட்டினேன். எல்லாப் படங்களும் மங்கலாக, சாம்பல் நிறத்தில் வந்துள்ளன. பழுதான பொருள் என்று திருப்பிக் கொடுக்கலாமா? மூன்று படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: பழுது என்ற காரணம் நிற்காது. உங்கள் படங்களில் பின்னால் நிற்கும் சம்புத் தாள்கள் நரம்பு தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்க, பறவை மட்டுமே மங்கியிருக்கிறது. இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் குவியம் (ஃபோகஸ்) மானையும் பன்றியையும் மனத்தில் வைத்து நிலையாக அமைக்கப்பட்டது என்பதால், ஒரு தப்படி தூரத்தில் நடக்கும் கோழி அதில் தெளிவாக விழாது. நிறம் இல்லாததற்கு அகச்சிவப்பு விளக்கே காரணம். அவ்வெளிச்சத்தில் விலையுயர்ந்த கேமராவும் கருப்பு வெள்ளைப் படத்தையே தரும்.

சம்புக்குள் வாழும் நீர்ப்பறவைகளில் கம்புள் கோழியானால் அதன் வெள்ளை முகமும் மார்பும் இரவுப் படத்திலும் பளிச்சென்று தெரியும், இது அதுவன்று. மீதமுள்ள இரண்டில், சிவப்புக் கானாங்கோழிக்கு மார்பு செம்பழுப்பு, நீலமார்புக் கானாங்கோழிக்குச் சாம்பல் என்ற எளிய வேறுபாடு இருட்டில் உதவாது. அப்போது முதுகைப் பார்க்க வேண்டும்: முன்னதன் முதுகு வெறுமையாக இருக்கும், பின்னதன் முதுகில் மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் ஓடும், அலகும் சற்று நீளம். உங்கள் இரண்டாம் படத்தில் அக்கீற்றுகள் தெரிவதால் நீலமார்பு என்றே எண்ணுகிறேன். ஆனாலும் பகல் படம் ஒன்று கிடைக்கும்வரை உறுதியாகச் சொல்ல மாட்டேன். கேமராவை இரண்டரை மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில் கட்டி, பறவை நடக்கும் தடத்தில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு தீட்டிய மூங்கில் குச்சியை நடுங்கள். சிவப்பு சுமார் 22 செ.மீ., நீலமார்பு சுமார் 27 செ.மீ. என்பதால் அந்த ஒரு கோடு பயன்படும். (கூந்தன்குளம் சரணாலய எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதியின்றி எதையும் கட்டக் கூடாது.)

விளம்பரத்தின் கதை வேறு. ஒரே காட்சியை 8, 48 மெகாபிக்சல் என இரு அமைப்புகளிலும் பகலில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நுணுக்கம் கூடாமல் கோப்பின் அளவு மட்டும் பெருத்திருந்தால், சிறிய உணரியின் (சென்சார்) படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்குகிறது என்று பொருள். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை.