ஹெட்டைக் கழற்ற முன்: லொறிக்காரர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (சம்மாந்துறை வாசகர்): அண்ணன், என்னுடையது ஆறு சிலிண்டர் டர்போ லொறி, எயார் பிரேக். அரிசி ஏற்றிக் கொழும்புக்கு ஓடுகிறேன். போய் வருவதற்குள் இரண்டு லீற்றருக்கு மேல் எஞ்சின் ஒயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறும்போது ஹீட் ஏறி ரேடியேற்றர் தண்ணீரையும் தள்ளுகிறது. "ஹெட்டைச் செய்தால் இரண்டும் சரி" என்கிறார் கராஜ் பாஸ். செய்யலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்குக் கழற்ற விடாதீர்கள். ஒயில் குறைவதும் தண்ணீர் தள்ளுவதும் ஒன்றாக வந்தபடியால் இரண்டுக்கும் ஒரே காரணம் என்று பாஸ் முடிவு கட்டிவிட்டார். பெரும்பாலும் இவை இரண்டு தனி வழக்குகள். ஹெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கட் எரிந்தால் தண்ணீர் தள்ளும், சரி. ஆனால் இவ்வளவு ஒயில் அந்த வழியாகப் போவது அரிது. ஹெட்டுக்குக் காசைக் கொட்டிய பிறகும் அதே இரண்டு லீற்றரை ஊற்றிக்கொண்டு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

முதலில் அளவு. எஞ்சினுக்கு எஞ்சின் கணக்கு மாறும். ஆனாலும் 100 லீற்றர் டீசல் எரிந்தால் கால் லீற்றர் ஒயில் போவதை ஓடித் தேய்ந்த எஞ்சினில் பொறுக்கலாம். போய் வர உங்களுக்கு 150 லீற்றர் டீசல் போகிறதென்றால் அரை லீற்றருக்குள் நிற்க வேண்டும். இரண்டு லீற்றர் என்றால் நோய் இருக்கிறது. டிப் ஸ்டிக்கைச் சமதரையில், எஞ்சின் நிறுத்திக் கால் மணி நேரம் போன பிறகு பாருங்கள். இறக்கத்தில் நிறுத்திவிட்டு உடனே பார்த்த அளவை நம்பி ஊற்றினால் ஒயில் கூடிப்போய், அதுவே ப்ரீதர் (எஞ்சின் உள்காற்றை வெளியே விடும் குழாய்) வழியாக வெளியேறும்.

அடுத்து, எயார் டாங்கியின் அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். கொஞ்சம் தண்ணீரும் ஒயில் பூச்சும் வருவது வழமை. கறுப்பு ஒயில் வழிந்து துணி நனைந்தால், பிரேக்குக்குக் காற்றடிக்கும் கம்பிரஷரின் ரிங் தேய்ந்து எஞ்சின் ஒயிலை டாங்கிக்கு ஏற்றுகிறது என்று அர்த்தம். புகை இராது, தரையிலும் சொட்டு விழாது, ஒயில் மட்டும் குறையும். கராஜில் இதை யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று: உங்கள் கம்பிரஷரின் ஹெட்டுக்கும் தண்ணீர் ஓடுகிறதென்றால், அதன் சின்னக் கேஸ்கட் போனாலே காற்று ரேடியேற்றருக்குள் ஏறித் தண்ணீரைத் தள்ளும். உங்கள் இரண்டு முறைப்பாடும் ஒரே இடத்தில் சேரக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இதுதான். அப்படியானால் எஞ்சின் ஹெட்டில் கையே வைக்கத் தேவையில்லை.

அங்கே சுத்தமென்றால் டர்போவுக்குப் போங்கள். டர்போ அடிக்கும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரமாகப் பூசினாற்போல் இருந்தால் பயமில்லை, தேங்கி நின்றால் டர்போ சீல். அதே கையோடு, எயார் பில்டருக்குப் பிறகு வரும் குழாயின் உட்சுவரை விரலால் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும். விரலில் மணற்பொடி பட்டால் பில்டரோ குழாய்க் கிளிப்போ காற்றை விடுகிறது. மகா போக அறுவடை நேரத்தில் வயல் பாதையில் இறங்குகிற லொறிகளுக்கு இதுதான் எமன். தூசு உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும், பிஸ்டன் ஓடும் ஸ்லீவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

ரிங்கைச் சோதிக்க, எஞ்சின் சும்மா ஓடும்போது ஒயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து தலைகீழாக அதன்மேல் வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால், புகை இரைந்து வந்தால், எரிந்த காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே போகிறது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வ் சீல், கைட். சுமையோடு ஏற்றத்தில் விடாமல் நீலப் புகை வந்தால் ரிங். கம்பிரஷன் பார்த்தால் எல்லாச் சிலிண்டரையும் பார்த்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அதைவிட, வால்வுகள் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை மேலே நிறுத்தி இன்ஜெக்டர் துளை வழியாகக் காற்றேற்றிக் காதைக் கொடுப்பது எனக்குப் பிடித்த சோதனை. ஒயில் வாயில் இரைந்தால் ரிங், சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேற்றரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பு.

தண்ணீர் வழக்குக்கு வருவோம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைப் பூட்டி ஸ்டார்ட் பண்ணி, மேல் குழாயைக் கையால் பிடியுங்கள். தண்ணீர் சூடாக முன்னமே குழாய் கல்லாக இறுகினால் உள்ளே காற்றழுத்தம் புகுகிறது. கம்பிரஷர் பெல்ட்டில் ஓடுகிற எஞ்சினென்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது குழாய் இறுகாவிட்டால் கம்பிரஷர், அப்போதும் இறுகினால் ஹெட். குழாய் இறுகவேயில்லை, ஏற்றத்தில் மட்டும்தான் ஹீட் என்றால் ரேடியேற்றர் அடைப்பு, தேர்மோஸ்டாட், பேன் கிளச் என்று மலிவான பக்கத்திலிருந்து தேடுங்கள். பதரும் உமியும் ரேடியேற்றர் முகத்தில் அடைந்திருப்பதை வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, இன்டர்கூலரைத் தள்ளிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (ஏறாவூர் வாசகர்): ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் பால் தேத்தண்ணி நிறத்தில் கொழகொழவென்று நிற்கிறது. டிப் ஸ்டிக்கில் ஒயில் சுத்தம். ஹெட் கேஸ்கட் என்கிறார்கள். உண்மையா, நானா?

பதில்: முதலில் ஒயில் கூலரைக் கழற்றுங்கள், தம்பி. எஞ்சின் ஓடும்போது ஒயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே கூலரில் ஓட்டை விழுந்தால் ஒயில்தான் தண்ணீருக்குள் பாயும். உங்கள் அடையாளம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது. கூலரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயால் காற்றேற்றி, வெந்நீரில் அமிழ்த்துங்கள். ஓட்டை தானாகக் காட்டிக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகு சூட்டுத் தண்ணீர் அதே ஓட்டையால் ஒயிலுக்குள் இறங்கவும் கூடும். அதனால் இன்னும் ஒரு ஓட்டம் போய் வந்து பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள், பேரிங் பிடித்துவிடும். கழுவும்போது ரப்பர் குழாய்களையும் அமுக்கிப் பாருங்கள். ஒயில் பட்டு ஊதியவற்றை மாற்றுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவிப் பூட்டினோம். கேஸ்கட் திரும்பத் திரும்ப அதே இடத்தில் எரிகிறது. ஹெட்டையே மாற்றுவதா?

பதில்: அதே இடத்தில் எரிகிறதென்றால் சந்தேகம் ஹெட்டை விட்டுக் கீழே போக வேண்டும். ஹெட்டை மட்டும் சீவிவிட்டுப் பிளாக்கின் முகத்தைப் பார்க்காமல் பூட்டுவது எங்கட பக்கத்தில் வழக்கமாகிவிட்டது, எனக்கு இது பெரிய கவலை. நேர்ச்சட்டத்தைப் பிளாக்கின் மேல் நீளம், அகலம், மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் 0.05 மில்லிமீற்றர் பீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். ஈரஸ்லீவ் (வெளிப்பக்கத்தில் தண்ணீர் நேரே படும் ஸ்லீவ்) எஞ்சினென்றால் ஸ்லீவ் பிளாக்கைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கேஸ்கட் நிற்காது. ஸ்லீவைக் கழற்றினால் தண்ணீர் படும் வெளிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், ஊசி குத்தினாற்போல் குழிகள் இருக்கலாம். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றுகிறவர்கள் நம்மில் பலர். தயவுசெய்து நிறுத்துங்கள். கூலன்ட், காய்ச்சி வடித்த தண்ணீர், வேறொன்றும் வேண்டாம்.

போல்ட் துளைகளைக் காற்றடித்து உலர்த்தினார்களா? துளைக்குள் ஒயிலோ தண்ணீரோ நின்றால் டோர்க் ரென்ச் இறுகிவிட்டதென்று சொல்லும், ஹெட் இறுகியிராது. சில எஞ்சின்களின் போல்ட் இறுக்கும்போதே நீளும் வகை, அவற்றைத் திரும்பப் போடக்கூடாது. வெடிப்பிருக்கிறதா என்று வால்வ் இருக்கைகளுக்கு நடுவிலும் இன்ஜெக்டர் துளையோரத்திலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளைப் பவுடர் அடித்துப் பாருங்கள். வெடிப்பிருந்தால் சிவப்புக் கோடு எழும். இத்தனையும் பார்த்த பிறகு, ஹெட்டின் தடிப்பு கம்பனி சொன்ன எல்லைக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை வாசகர்): மீன் லொறி. சாவியை எடுத்தும் எஞ்சின் நிற்காமல் தானாக அலறி வேகமெடுத்தது. கியரில் போட்டு எப்படியோ நிறுத்தினோம். திரும்ப ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: பண்ணவே வேண்டாம். டீசலை நிறுத்திய பிறகும் அது தன் ஒயிலையே எரித்து ஓடியிருக்கிறது. டர்போ சீல் வழியாகவோ ப்ரீதர் வழியாகவோ காற்றுக் குழாய்க்குள் ஒயில் வந்திருக்கும். இன்டர்கூலரைக் கழற்றித் தேங்கிய ஒயிலை வடித்து, டர்போவைப் பார்த்து, ஒயில் அளவு கூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடியிருந்து டீசல் மணத்தால், இன்ஜெக்டரோ பம்போ ஒயிலுக்குள் டீசலை விடுகிறது. கொமன் ரெயில் (மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் பாயும்) எஞ்சினென்றால் ஓடும்போது டீசல் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

இன்னொரு முறை நடந்தால், பக்கத்தில் நிற்பவர்களை விலக்குங்கள். உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்தபடி கிளச்சை விடுங்கள். அது முடியாவிட்டால் காற்று இழுக்கும் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்கக்கூடாது, உள்ளே இழுத்துவிடும்.