பெரிய ஆர்டர், தாமதமாகும் பணம், சரிபாதிப் பங்கு: சிறு நிறுவன உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் நிறுவனங்களைப் பற்றியவை. புதிதாக என்ன தொழில் தொடங்கலாம் என்று கேட்டிருப்பவர்களுக்கு வேறொரு சமயம் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே அமெரிக்க பையருக்குத்தான் போகிறது. அடுத்த சீசனில் ஆர்டரைக் கூட்டித் தருவதாகவும் இன்னும் இரண்டு தையல் லைன் போடும்படியும் சொல்கிறார்கள். வங்கி கடன் தரத் தயார். போடலாமா?

கடன் வாங்கிப் போட வேண்டாம். அதற்கு அந்த பையர் நல்லவரா கெட்டவரா என்பது காரணமல்ல. உங்கள் தொழிலோடு தொடர்பே இல்லாத ஒரு முடிவு அவர் பக்கத்தில் எடுக்கப்பட்டாலும் அதன் பாரம் முழுவதும் உங்கள் தலையில் விழும் நிலையில் இருக்கிறீர்கள் என்பதுதான் காரணம். 2025 ஆகஸ்டு இறுதியில் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமானபோது, தரத்திலும் டெலிவரியிலும் ஒரு குறையும் வைக்காத நிறுவனங்களிடமும் பையர்கள் விலையைக் குறைக்கச் சொன்னதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதைவிடக் கடுமையான பாடம் ஸ்ரீபெரும்புதூரில் கிடைத்தது. நோக்கியா 2006இல் அங்கே கைபேசி ஆலையைத் தொடங்கியபோது, அதற்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களும் அதே வளாகத்தில் வந்து அமர்ந்தன. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த அந்த ஆலை மட்டும் விற்பனையில் சேரவில்லை. நவம்பரில் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே அந்த வளாகத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. பல நாடுகளில் ஆலை வைத்திருக்கும் ஃபாக்ஸ்கானுக்கு அது ஒரு கிளையின் இழப்பு. ஒரே ஆலை வைத்திருப்பவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

அதற்காக வருகிற ஆர்டரை வேண்டாமென்று சொல்லச் சொல்லவில்லை. கூடுதல் அளவை முதல் இரண்டு சீசனுக்கு வெளியே ஜாப் ஒர்க் கொடுத்து, அதாவது வேறு யூனிட்டில் கூலிக்குத் தைக்கவைத்து, முடியுங்கள். பீஸுக்குச் சில ரூபாய் லாபம் குறையும். அதைக் காப்பீட்டுப் பிரீமியமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த யூனிட்டில் தைக்கப்போகிறீர்கள் என்பதைப் பையரிடம் முன்கூட்டியே தெரிவித்து எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். அனுமதியில்லாமல் வெளியே தைத்தது தணிக்கையில் தெரியவந்தால், இருக்கிற ஆர்டரும் போய்விடும். சொந்த லைன்தான் வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை பீஸ் எடுப்பார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பையர் தரப்பில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தொலைபேசியில் சொன்னது ஒப்பந்தமாகாது. அவர்கள் எழுதித் தர மறுக்கும் ஒரு வாக்கை நம்பி, நீங்கள் மட்டும் வங்கிக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த பையரின் பங்கைக் குறைக்க அவருடைய ஆர்டரை வெட்ட வேண்டியதில்லை. இனிமேல் வரும் வளர்ச்சி மற்றவர்களிடமிருந்து வரட்டும். புதிய பையரைப் பிடிக்க மாதிரி, தணிக்கை, சான்றிதழ், சோதனை ஆர்டர் என்று நீண்ட காலம் ஆகும் என்பதால், கையில் வேலை நிறைந்திருக்கும் இப்போதே அதைத் தொடங்க வேண்டும். வேலை குறைந்த பிறகு போய் நின்றால் அவர்கள் சொல்வதுதான் விலை. இதற்கிடையில், ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி.யிடம் இந்த பையருக்கு எவ்வளவு வரம்பு தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பணம் வராமல் போகும் ஆபத்துக்கு அது பாதுகாப்பு. அதோடு, உங்கள் பையரைப் பற்றி வெளியார் ஒருவரின் மதிப்பீடும் கிடைக்கும்.

கேள்வி: கோவையில் சிறிய ஃபவுண்டரி வைத்திருக்கிறேன். பம்ப் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு வார்ப்புகள் தருகிறேன். பில் போட்டு 120 நாள் கழித்தே பணம் வருகிறது. 45 நாளில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே? கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

சட்டம் இருக்கிறது, உங்கள் பயமும் நியாயமானது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 40 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 நாளில் வர வேண்டியது 120 நாளில் வந்தால், 75 நாள் விற்பனை, அதாவது ஒரு கோடி ரூபாய், எப்போதும் அவர்களிடமே தங்கியிருக்கிறது. ஓடி எனப்படும் ஓவர்டிராஃப்ட் கடன் கணக்கில் 11 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 11 லட்சம். ஆண்டு விற்பனை 4 கோடியே 80 லட்சத்தில் இது ஏறத்தாழ 2.3 சதவீதம். விலைப் பேச்சில் கிலோவுக்கு ஐம்பது பைசாவுக்காக மல்லுக்கட்டும் நாம், இந்தத் தொகையை மட்டும் பேச்சில் சேர்ப்பதே இல்லை. அடுத்த முறை இரண்டு விலை கொடுங்கள்: 45 நாளில் பணம் வந்தால் ஒன்று, அதற்கு மேல் போனால் வேறொன்று. பர்ச்சேஸ் துறையினருக்கு இந்த மொழி எளிதில் புரியும்.

இனி சட்டம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை 45 நாளுக்குள் தந்தாக வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். ஆர்டரில் 120 நாள் என்று அச்சடித்து நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் அது செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இத்தகைய நிலுவைத் தகராறுகளுக்கென்றே இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிட்டு உங்களுக்குச் சாதகமான தீர்ப்பு வந்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் போக அவர்கள் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

ஆனாலும் தொடர்ந்து ஆர்டர் தருபவர் மீது யாரும் அவ்வளவு எளிதில் முறையிடுவதில்லை. எனவே உங்களுக்கு அதிகம் உதவக்கூடியது வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த விதி. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டு வரும்வரை அந்தத் தொகையை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. இதை நீங்கள் மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவின் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டு, உங்கள் நிறுவனம் குறுவா சிறுவா என்பதையும் குறிப்பிட்டு, சான்றிதழ் நகலை ஜனவரி மாதத்தில் அவர்களுடைய கணக்குத் துறைக்கு அனுப்பிவையுங்கள். மார்ச்சில் அவர்களுடைய ஆடிட்டரே மீதியைப் பேசிக்கொள்வார். உத்யம் பதிவைச் சரக்கு அனுப்புவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். தகராறு வந்த பிறகு எடுத்த பதிவைக் காட்டினால் சிக்கல்தான்.

இன்னொரு வழி, பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் பெற உதவும் டிரெட்ஸ் என்ற இணையத் தளம். 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்கள் அதில் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால், வங்கி சில நாள்களில் உங்களுக்குப் பணம் தந்துவிட்டு, பிறகு அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும். அவர்கள் கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பி வராது.

ஒரு சிறு வேலையை மட்டும் இன்றே தொடங்குங்கள். சரக்கு உள்ளே போகும்போது வாயிலிலேயே டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாள் கணக்கு அந்த முத்திரைத் தேதியிலிருந்தே ஓடும்.

கேள்வி: எங்கள் பட்டறையின் மிகச் சிறந்த டர்னரை மேற்பார்வையாளராக்கினோம். இப்போது நல்ல டர்னரும் இல்லை, நல்ல மேற்பார்வையாளரும் இல்லை. என்ன செய்வது?

சம்பளத்தைக் குறைக்காமல் லேத்துக்கே திரும்ப அனுப்புங்கள். அவருக்கு மரியாதை குறையாத ஒரு பெயரோடு, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் கொடுங்கள். கூடுதல் சம்பளத்துக்கு ஒரே வழி மேற்பார்வையாளர் பதவிதான் என்று வைத்திருந்தால், அடுத்த டர்னருக்கும் இதுவே நடக்கும்.

கேள்வி: நண்பரும் நானும் ஆளுக்கு 50 சதவீதப் பங்குடன் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றைப் பிரைவேட் லிமிடெடாக நடத்துகிறோம். ஓர் ஆண்டாக அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பங்கைத் திருப்பித் தர மறுக்கிறார். சட்டப்படி என்ன செய்ய முடியும்?

மிகக் குறைவு. சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும், சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வேண்டும். சரிபாதி வைத்திருப்பவர் இரண்டையும் தடுக்கலாம். இயக்குநர் பதவியிலிருந்து அவரை நீக்கும் தீர்மானம்கூட அவர் சம்மதமில்லாமல் நிறைவேறாது. கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றாலும், அங்கே ஆகும் காலத்தில் உங்கள் வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே பேசித்தான் தீர்க்க வேண்டும். அதில் சம்பளத்தையும் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பேசுங்கள். உழைப்பவருக்குச் சந்தை நிலவரப்படி சம்பளம், தொடக்கத்தில் உழைத்தவருக்கு அதற்கேற்ற பங்கு என்று ஆரம்பித்தால், அவருடைய 50 சதவீதம் 15 அல்லது 20க்கு இறங்கி வர இடமிருக்கிறது. ஒன்றும் தர முடியாது என்று ஆரம்பித்தால் அவர் நகரமாட்டார்.

இதைப் படிக்கும் மற்ற கூட்டாளிகளுக்கு: பங்கை முதல் நாளே முழுவதுமாகக் கொடுத்துவிடாமல், நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமையாகும்படியும், முதல் ஆண்டு முடியும் முன் விலகுபவருக்கு ஒன்றும் இல்லாதபடியும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அலமாரியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். தமிழ்நாட்டுக் குடும்ப நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களின் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பங்கை யாருக்கு விற்கலாம் என்று உறுப்பினர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம், ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் செயல்முறை விதிகளில் இடம்பெறாவிட்டால் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞருக்குச் செலவழித்துவிட்டு, விதிகளைத் திருத்தாமல் விட்டவர்கள் ஏராளம்.

கேள்வி: ஈரோட்டில் அப்பாவின் ஹார்டுவேர் மொத்த வியாபாரம். பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்கிறார். ஆனால் பணியாளர்கள் எதற்கும் அவரிடமே போகிறார்கள். நான் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து மூன்று ஆண்டு ஆகிறது.

சரி என்ற பதில் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் பணியாளர்கள் போவார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒன்று கேட்கிறேன்: கடையின் வங்கிக் கணக்கில் பணம் அனுப்பும்போது ஓடிபி யாருடைய தொலைபேசிக்கு வருகிறது? அப்பாவின் தொலைபேசிக்கு என்றால், பொறுப்பு இன்னும் கைமாறவில்லை.

மொத்தமாகக் கேட்காமல் ஒவ்வொன்றாக வாங்குங்கள். முதலில் கடன் வரம்பு. எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதை நீங்கள் மட்டுமே முடிவு செய்வதாகவும், அப்பாவிடம் யார் வந்து கேட்டாலும் உங்களிடம் அனுப்புவதாகவும் ஆறு மாதத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வசூல் கூடியதா குறைந்ததா என்பது எண்ணிக்கையில் தெரிந்துவிடும் என்பதால், அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமிருக்காது. அடுத்தது கொள்முதல் விலை. பணியாளர்களுக்குக் கொடுக்கும் முன்பணத்தைக் கடைசிவரை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். பெண் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவரிடம் வந்து நிற்பவர்கள் முப்பது ஆண்டு உறவை நம்பி வருகிறார்கள்; அதை ஒரு படிவமாக மாற்றுவதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. சனிக்கிழமைதோறும் வசூல், இருப்பு, நிலுவை மூன்றையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். விவரம் தெரிந்துகொள்ளத்தான் பெரும்பாலான அப்பாக்கள் பணியாளரைக் கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: மதுரையில் மசாலாப் பொடி தயாரிக்கிறோம். பெரிய பிராண்டு ஒன்று விலையைக் குறைத்துவிட்டது. நாங்களும் குறைக்க வேண்டுமா?

வேண்டாம், அவர்கள் தாங்கும் காலம் உங்களால் தாங்க முடியாது. கடலூரைச் சேர்ந்த சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் தொடங்கிய தொழிலின் சிக் ஷாம்பு, பெரிய நிறுவனங்களை விலையால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார். எந்த பிராண்டாக இருந்தாலும் சரி என்று முதலில் ஏற்றுக்கொண்டு, கேட்பவர்கள் பெருகியதும் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார். பெரியவர்கள் கவனிக்காமல் விட்ட வாடிக்கையாளரைத் தேடிப் பிடித்ததுதான் அங்கே உத்தி. உங்களுக்கு அது மெஸ்களாகவும் கல்யாணச் சமையல்காரர்களாகவும் இருக்கலாம். அவர்கள் விளம்பரம் பார்த்து வாங்குவதில்லை. போன தடவை போட்ட அதே காரம் இந்தத் தடவையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 20 சதவீதப் பங்குக்கு 5 கோடி தர ஒரு முதலீட்டு நிறுவனம் முன்வந்திருக்கிறது. வாங்கலாமா?

இரண்டு பாதையிலும் வென்றவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஜோஹோ வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்தது. அங்கே பணிபுரிந்த கிரீஷ் மாத்ருபூதம் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீடு வாங்கி வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. உங்கள் சந்தையில் முந்திக்கொள்பவருக்கே பெரும்பங்கு போகும் என்றால் முதலீடு தேவைப்படலாம். அப்படியில்லை என்றால், முதலீட்டாளர் சில ஆண்டுகளில் பணத்தோடு வெளியேற வேண்டியவர் என்பதால், அவருடைய அவசரம் உங்கள் அவசரமாகிவிடும்.

வாங்குவதென்றால் 20 சதவீதம் என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். நிறுவனம் விற்கப்படும்போது முதலீட்டாளருக்கு முதலில் எவ்வளவு என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். நாளை 12 கோடிக்கு விற்கிறீர்கள் என்றால், உங்கள் 80 சதவீதத்துக்கு 9.6 கோடி கிடைக்கும் என்று நினைப்பீர்கள். போட்ட பணம், பங்கின் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அது அவருக்கு என்று எழுதியிருந்தால் அவர் 5 கோடி எடுப்பார்; உங்களுக்கு 7 கோடி. போட்ட பணத்தையும் எடுத்துக்கொண்டு மீதியிலும் 20 சதவீதம் என்று எழுதியிருந்தால் அவருக்கு 6.4 கோடி, உங்களுக்கு 5.6 கோடி. இரண்டாவது வகையை ஏற்காதீர்கள். முதல் வகைக்கு மாற்றித் தரக் கேட்பது இத்தகைய பேச்சுகளில் வழக்கமானதுதான்.