இத்தாலிய மொழியில் 'கியூசோ' எப்போது 'கியூசா' ஆகிறது?

'ஓ கியூசோ லா போர்த்தா' என்றால் கதவை மூடினேன். 'லா போர்த்தா எ கியூசா' என்றால் கதவு மூடியிருக்கிறது. அதே கதவுக்கு ஏன் இரண்டு ஈறு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வாக்கியத்தில் 'கியூசோ' வினையின் பாதி. 'அவேரே' துணைவினையோடு (இங்கே அதன் வடிவம் 'ஓ') சேர்ந்து நடந்த செயலைச் சொல்கிறது. பின்னால் எந்தப் பெயர் வந்தாலும் மாறாது. இரண்டாவதில் அது கதவின் நிலையைச் சொல்லும் பெயரடை. பெயரடை என்றால் பெயரின் பாலும் எண்ணும் அதில் தெரிய வேண்டும்: நெகோட்சியோ கியூசோ (மூடிய கடை), நெகோட்சி கியூசி (மூடிய கடைகள்), போர்த்தா கியூசா, போர்த்தே கியூசே. தமிழில் 'மூடிய' என்ற எச்சம் கதவு, கடை, கடைகள் எதற்கும் அசைவதில்லை. நாம் தடுமாறுவது அதனால்தான்.

பெரும்பாலான பிழைகள் பெயரின் ஈற்றைப் பார்த்து முடிவு செய்வதால் வருகின்றன. 'மானோ' (கை) ஓவில் முடிந்தாலும் பெண்பால்: லா மானோ ஃபெரீத்தா, காயம்பட்ட கை. 'ப்ரொப்ளேமா' ஆவில் முடிந்தாலும் ஆண்பால்: இல் ப்ரொப்ளேமா ரிசோல்த்தோ, தீர்ந்த சிக்கல். 'கியாவே' (சாவி) போன்றவற்றில் ஈறு எதையுமே காட்டாது; லா கியாவே பெர்சா, தொலைந்த சாவி. எனவே பெயரைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்; பெயருக்கு முன் வந்து பாலைக் காட்டும் 'இல்' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) சேர்த்தே படியுங்கள்.

முட்டை இன்னும் வம்பு. பொரித்த ஒரு முட்டை 'உவோவோ ஃப்ரித்தோ', ஆண்பால். பன்மையில் 'லே உவோவா ஃப்ரித்தே', பெண்பாலாகிவிடுகிறது. 'உவோவா' ஆவில் முடிகிறதே என்று 'ஃப்ரித்தா' போட்டால் தவறு.

ஆண்பாலும் பெண்பாலும் கலந்து வந்தால் ஆண்பால் பன்மைதான்: ஊனா கமீச்சா எ உன் வெஸ்தீத்தோ ஸ்திராத்தி, இஸ்திரி போட்ட சட்டையும் உடையும்.

'அவேரே'யோடு மாறாது என்றேன். அதற்கு ஒரு முக்கிய விலக்கு உண்டு. 'அதை' என்னும் பிரதிப்பெயர் வினைக்கு முன்னால் வந்தால் ஈறு மாறியே ஆக வேண்டும். கடையை மூடினேன் என்பதற்கு 'லோ கியூசோ', கதவை மூடினேன் என்பதற்கு 'லோ கியூசா'. 'அதை' என்பதற்கான 'லோ' (ஆண்பால்), 'லா' (பெண்பால்) இரண்டுமே 'ஓ'வோடு புணர்ந்து ஒரே 'லோ'வாக ஒலிப்பதால், மூடியது கடையா கதவா என்பதைக் காட்ட அந்தக் கடைசி உயிரொலி மட்டும்தான் மிச்சம். அதை விழுங்காமல் தெளிவாகச் சொல்லுங்கள்.